விலகல் படிவம்

செமினியில் என் வேலையைச் சொல்ல
ஒரு வாக்கியம் வைத்திருக்கிறேன்:
ஆராய்ச்சிக்கூடத்தில் தீனி போடுகிறேன்.
கோழிக்கா, மீனுக்கா என்பார் பக்கத்து வீட்டுப் பூவாயி அக்கா.
அணுவுக்கு. குருத்தணு.
குருத்தா!
உதிரிப் பழம் பொறுக்கிய விரல் ஒன்று
சன்னலுக்கு வெளியே செம்பனையின் உச்சியைக் காட்டும்.
அதுக்கு ஒண்ணே ஒண்ணுதான்டி குருத்து,
கிள்ளினா மரம் போச்சு.

எங்கள் குருத்து அப்படியில்லை அக்கா.
யாரோ ஒருவர் முன்கையில்
மிளகளவு தோல் எடுத்து
பின்னோக்கி நடக்க வைப்போம்,
தான் தோல் என்பதைத் தோல் மறக்கும்வரை.
அப்புறம் மூளையாகச் சொல்லித்தருவோம்.
நாற்பது நாள்.
சில சமயம் நாற்பதிலும் படியாது.

தினமும் பழைய திரவத்தை உறிஞ்சி எடுத்து
புதியதை விளிம்போரம் விட வேண்டும்.
அவசரப்பட்டால் உரிந்து மிதக்கும்.
இளஞ்சிவப்பு என்றால் சுகம்.
மஞ்சள் என்றால் பசி.
தீபாவளியன்று எண்ணெய்த் தலையில் உறை மாட்டிக்கொண்டு
போயிருக்கிறேன்.
எண்ணெய் ஆலையின் நெடி முகக்கவசத்தைத் தாண்டிய
புகைமூட்ட நாட்களிலும்.
மின்சாரம் போன ஓர் இரவு
சியூ லிங்கும் நானும் நைட்ரஜன் தொட்டிக்குக் காவலிருந்து
கைப்பேசி வெளிச்சத்தில்
ஒரு பொட்டலம் பிஸ்கட்டைத் தின்று தீர்த்தோம்.

ஏழாம் எண் நன்றாக வந்தது.
ஆண். அறுபத்து மூன்று வயது.
நடுக்க நோய், எட்டு ஆண்டுகளாக.
எனக்குத் தரப்பட்டது இவ்வளவுதான்.
முப்பத்தெட்டாம் நாள்
இருட்டறைத் திரையில் ஒரு புள்ளி மின்னியது.
சற்றுத் தள்ளி இன்னொன்று.
பிறகு ஒன்றை ஒன்று கூப்பிடுவதுபோல்
பச்சையாய், விட்டு விட்டு.
டாக்டர் நோர்லைலா நாற்காலியை இழுத்துப் போட்டு
இருபது நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

அதன்பிறகு நான் கெட்டுப்போனேன்.
வங்கி வரிசையில், ரொட்டிச் சானாய் கடையில்
கைகளையே பார்க்க ஆரம்பித்தேன்.
தளும்பித் தட்டில் சிந்தும் தே தாரிக்.
நம்பர் கடையில் நாலாவது இலக்கத்தில் வழுக்கும் பேனா.
இவரா?
கேட்கக்கூடாது.
கேட்கமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

நேற்று ஒற்றைத் தாள் வந்தது.
மலாய் மொழியில் இரண்டு பத்தி.
கொடையாளர் விலகிக்கொள்கிறார்.
காரணம் என்ற இடத்தில் ஒரு கோடு.
கையெழுத்தின் மேல் கறுப்புப் பட்டை அடித்திருந்தார்கள்,
சரியாக அடிக்கவில்லை.
பட்டைக்குக் கீழே ஒரு வால் தப்பி வந்திருந்தது.
தமிழ் வால்தான்.
ரகரமோ ழகரமோ,
இறங்கும்போதே நடுங்கி, நின்று,
மறுபடி இறங்கியிருந்தது.
இந்த ஊரில் எத்தனை வீரய்யாக்கள், எத்தனை அழகப்பன்கள்.

முப்பத்து நான்கு குப்பிகள். ஆறு தட்டுகள்.
ஒன்றும் மிஞ்சக்கூடாது.
அது அவர் உரிமை;
புதிதாய் வருகிறவர்களுக்கு
அதைப் பாடம் எடுப்பவளே நான்தான்.
ஆனாலும் கடைசித் தட்டை
ஒரு தடவை நுண்ணோக்கியின் கீழ் வைத்தேன்.
கிளை விட்டு, கிளை தேடி, கோத்துக்கொண்டு இருந்தன.
அவற்றுக்குக் காரணம் தெரியாது. எனக்கும்தான்.
பயந்திருக்கலாம்.
மகள் சத்தம் போட்டிருக்கலாம்.
உன் மூளையின் ஒரு துண்டு
அங்கே ஒரு தட்டில்
உன்னைவிட நன்றாக இருக்கிறது என்று
யாராவது சொல்லியிருக்கலாம்.

குளோரோக்ஸ் ஊற்றினேன்.
ஒரு கணம் அடர்ந்த ஊதா,
இதுவரை எந்தத் தட்டிலும் நான் ஆசைப்படாத நிறம்.
பிறகு வெறும் தண்ணீர்.
பதிவேட்டில் எழுதினேன்: அழிக்கப்பட்டது, மாலை 4.10.
என் கையெழுத்து நேராகத்தான் விழுந்தது.
அது கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

வெளியே குலை ஏற்றிய லாரி போனது.
அலமாரிக் கண்ணாடிகள் சற்று நேரம் அதிர்ந்தன.
சியூ லிங் கதவருகே நின்று சொன்னாள்,
பதினொன்று மஞ்சளாகிறது.

கையுறையை மாற்றிக்கொண்டேன்.